சோற்றை விடுவதா, மாற்றுவதா, குறைப்பதா: அறுபதை நெருங்குபவருக்கு ஓர் ஒப்பீடு

தமிழ்நாட்டு வீடுகளில் மதியச் சாப்பாடு என்றால் பெரும்பாலும் மூன்று சுற்றுச் சோறு: முதலில் சாம்பாரோ குழம்போ, அடுத்து ரசம், கடைசியில் மோர். காலையில் இட்லி, இரவில் அதே மாவில் வார்த்த தோசை, இடையில் இரண்டு வேளை சர்க்கரை போட்ட காபியும் நான்கு பிஸ்கட்டும். இப்படிச் சாப்பிடுபவர் தன்னை அளவோடு உண்பவராகவே கருதுவார். எண்ணெய்ப் பலகாரமும் இனிப்பும் அடிக்கடி இல்லை என்பதே அவருடைய கணக்கு. ஆனால், இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு, 18,090 பேரின் உணவைக் கணக்கிட்டு 2025-ல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளியிட்ட முடிவின்படி, இந்தியர்கள் உட்கொள்ளும் மொத்தக் கலோரியில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. புரதத்தின் பங்கு 12 சதவீதம் மட்டுமே.

ஐம்பத்தெட்டு வயதான ஒருவரை எடுத்துக்கொள்வோம். இடுப்புச் சுற்றளவு ஆண்டுதோறும் கூடிவருகிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 110. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.1. நோயாளி என்று எழுத முடியாது, நலமாக இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது. இன்னும் இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்வதோடு, அவற்றைக் கண்ணும் சிறுநீரகமும் காலும் நினைவும் கெடாமல் வாழ வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அவர் காதில் மூன்று யோசனைகள் விழுகின்றன. அரிசி, கோதுமை, பருப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு முட்டை, இறைச்சி, வெண்ணெய், பாதாம் என்று கீட்டோவுக்கோ பேலியோவுக்கோ போவது ஒன்று. அரிசிக்குப் பதிலாகச் சாமை, தினை, கேழ்வரகு, கைக்குத்தல் அரிசி என்று தானியத்தை மாற்றிக்கொள்வது இன்னொன்று. எதையும் முழுதாக விடாமல் சோற்றின் அளவைக் குறைத்து அந்த இடத்தில் புரதத்தை வைப்பது மூன்றாவது. தாத்தா சோறு தின்றே தொண்ணூறு வயது வாழ்ந்தார் என்பவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தாத்தா நாள் முழுவதும் ஏர் பிடித்தவர் என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.

இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்பதற்கு முன், மாவுச்சத்துக்கும் முதுமைக்கும் என்ன தொடர்பு என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. உண்ட சோறு குளுக்கோசாகி இரத்தத்தில் கலந்தவுடன் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. அந்தக் குளுக்கோசின் பெரும்பகுதியை வாங்கி வைத்துக்கொள்ளும் கிடங்கு நம்முடைய தசை. வயது ஏற ஏறத் தசை சுருங்குகிறது, அதன் வேலையும் குறைகிறது. எனவே இருபத்தைந்து வயதில் பிரச்சினையின்றிச் செரித்த அதே அளவுச் சோறு, அறுபதில் இரத்தச் சர்க்கரையை அதிகமாகவும் நீண்ட நேரத்துக்கும் உயர்த்தி வைக்கிறது. அப்படி உயர்ந்து நிற்கும் சர்க்கரை உடலின் புரதங்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. எச்பிஏ1சி சோதனை அளப்பதே இந்த ஒட்டலைத்தான். இரத்தச் சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் சர்க்கரை ஏறியிருக்கிறது என்பதையே அந்த எண் சொல்கிறது. சிவப்பணுவின் ஆயுள் நான்கு மாதம், பிறகு புதியது வந்துவிடும். கண் வில்லையிலும் இரத்தக் குழாய்ச் சுவரிலும் தோலின் கொலாஜனிலும் உள்ள புரதங்கள் அப்படி விரைவில் புதுப்பிக்கப்படுவதில்லை. அங்கே ஏறியது ஆண்டுக்கணக்கில் தங்கிக் குழாயை விறைக்கச் செய்கிறது. முதுமையின் கோளாறுகள் என்று நாம் சொல்லும் பலவற்றுக்குப் பின்னால் இந்த மெதுவான வேலையும் இருக்கிறது.

இன்சுலினைச் சார்ந்த இன்னொரு கதையும் உண்டு. 1993-ல் சிந்தியா கென்யனும் அவருடைய குழுவினரும் நுண்ணிய உருளைப்புழு ஒன்றில் ஒரே ஒரு மரபணுவின் செயல் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிப்பாவதைக் கண்டறிந்தார்கள். அந்த மரபணு நம் உடலின் இன்சுலின் ஏற்பிக்கு உறவான ஒன்றை உருவாக்குவது என்பது பின்னர் தெரிந்தது. இன்சுலின் சமிக்ஞை தணிந்தால் உயிரணு வளர்ச்சியை விட்டுப் பழுதுபார்ப்பில் இறங்குகிறது என்ற எண்ணம் அதிலிருந்தே வலுப்பெற்றது. மாவுச்சத்தைக் குறைத்தால் இன்சுலின் குறையும், இன்சுலின் குறைந்தால் ஆயுள் நீளும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவதற்கு இது வசதியாக இருக்கிறது. எலிகளைக் கேட்டால் அவ்வளவு எளிதாக விடை கிடைப்பதில்லை. 2017-ல் ‘செல் மெட்டபாலிசம்’ இதழில் வெளிவந்த கலிஃபோர்னிய ஆய்வு ஒன்றில் கீட்டோ உணவு கொடுக்கப்பட்ட எலிகளின் இடைநிலை ஆயுள் 13.6 சதவீதம் கூடியது. அதே இதழில் 2014-ல் வெளிவந்த சிட்னி ஆய்விலோ, இருபத்தைந்து வகை உணவுகளை ஒப்பிட்டதில், புரதம் குறைந்து மாவுச்சத்து மிகுந்த உணவை உண்ட எலிகளே அதிக நாள் வாழ்ந்தன. எலியை வைத்து எந்தப் பக்கத்துக்கும் வாதாடலாம் என்பதால் மனிதர்களிடமே போக வேண்டியிருக்கிறது.

மனிதர்களில் மாவுச்சத்தைக் குறைத்து ஆயுள் நீள்கிறதா என்று கடைசிவரை பார்த்த சோதனை எதுவும் இல்லை. இருப்பவை மக்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த கணக்கெடுப்புகள். 2017-ல் ‘லான்செட்’ வெளியிட்ட, இந்தியா உட்பட 18 நாடுகளில் 1,35,335 பேரைத் தொடர்ந்த ‘ப்யூர்’ ஆய்வில், கலோரியில் 77 சதவீதம் அளவுக்கு மாவுச்சத்தை உண்டவர்களின் இறப்பு அபாயம், 46 சதவீதம் அளவில் உண்டவர்களைவிட 28 சதவீதம் அதிகமாக இருந்தது. வெள்ளை அரிசியையும் சர்க்கரையையும் மட்டுமே நம்பி வாழ்பவர்களில் ஏழைகளே அதிகம் என்பதால் வறுமையின் பங்கை இதிலிருந்து முழுவதும் பிரித்தெடுக்க முடியாது. அடுத்த ஆண்டில் ‘லான்செட் பப்ளிக் ஹெல்த்’ இதழில் வந்த அமெரிக்க ஆய்வு, 45 முதல் 64 வயதுக்குட்பட்ட 15,428 பேரை ஏறக்குறைய 25 ஆண்டுகள் தொடர்ந்து, மாவுச்சத்தின் பங்கு 50 முதல் 55 சதவீதம் இருந்தவர்களிடமே இறப்பு மிகக் குறைவு என்றும், 40 சதவீதத்துக்குக் கீழே போனாலும் 70 சதவீதத்துக்கு மேலே போனாலும் அபாயம் ஏறுகிறது என்றும் கண்டது. அவர்களுடைய கணக்கின்படி, ஐம்பது வயதிலிருந்து பார்த்தால் நடுவில் நிற்பவருக்கு இன்னும் 33 ஆண்டுகளும், 30 சதவீதத்துக்கும் கீழே போனவருக்கு 29 ஆண்டுகளும் எதிர்பார்க்கலாம். மிகக் குறைவாக மாவுச்சத்து உண்டவர்களிடம் உடல் எடையும் சர்க்கரை நோயும் ஏற்கெனவே கூடுதலாக இருந்தன என்பதால் நான்கு ஆண்டு இழப்பை அப்படியே உணவின் மேல் ஏற்றிவிடக் கூடாது. ஆனால் அந்த ஆய்வின் இன்னொரு முடிவு எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது: மாவுச்சத்தை எடுத்த இடத்தில் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, கோழி போன்றவற்றை வைத்தவர்களுக்கு அபாயம் ஏறியது, பயறு, கொட்டை போன்ற தாவர உணவை வைத்தவர்களுக்கு இறங்கியது.

ஓகினாவாத் தீவைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. நூறு வயதைத் தாண்டியவர்களுக்குப் பெயர்பெற்ற அந்த ஜப்பானியத் தீவில் 1949-ல் எடுத்த கணக்கின்படி, கலோரியில் ஏறக்குறைய 85 சதவீதம் மாவுச்சத்து. அதில் பெரும்பகுதி சர்க்கரைவள்ளிக் கிழங்கு. மாவுச்சத்தே மனிதனை முதுமையாக்குகிறது என்ற வாதம் இங்கே உடைகிறது. ஆனால் அவர்கள் ஒரு நாளில் உண்டது 1,800 கலோரிக்கும் சற்றுக் குறைவு, அதையும் வயலில் உழைத்துச் செலவழித்தார்கள். கிழங்கை மாவாக அரைத்தோ தீட்டியோ உண்ணவில்லை. நாற்காலியில் அமர்ந்து வேலை பார்த்து, தீட்டிய பொன்னி அரிசியை மூன்று சுற்று உண்பவர் ஓகினாவாவை மேற்கோள் காட்டுவதில் பொருளில்லை.

இனி யோசனைகளுக்கு வருவோம். கீட்டோ முறையில் ஒரு நாளைய மாவுச்சத்து 50 கிராமுக்குள் நிற்க வேண்டும். நூறு கிராம் சமைக்காத அரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஒரு கிண்ணச் சோற்றோடு அன்றைய கணக்கு ஏறக்குறைய தீர்ந்துவிடும் என்பதால் நடைமுறையில் சோறு, இட்லி, சப்பாத்தி, பருப்பு, வாழைப்பழம் எதுவும் கிடையாது. இதில் சர்க்கரை வேகமாக இறங்குகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பும் பெரும்பாலும் குறைகிறது, முதல் சில வாரங்களில் எடை கண்முன் இறங்குகிறது. கொழுப்பு எரிந்து உருவாகும் கீட்டோன் பொருள்கள் உடலின் அழற்சியைத் தணிக்கக்கூடும் என்பதற்கு ஆய்வுக்கூடச் சான்றுகளும் உள்ளன. சில ஆண்டுகளுக்கு முன் தமிழில் முகநூல் குழுக்கள் வழியே பேலியோ பரவியபோது ஆயிரக்கணக்கானோர் இதை முயன்று பார்த்ததற்குக் காரணம் அந்த விரைவான பலன்தான்.

சிக்கல் அதன் பிறகு தொடங்குகிறது. சிலருக்குக் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் கடுமையாக ஏறுகிறது; அறுபது வயதில் மாரடைப்பே நம் முதல் எதிரி என்னும்போது, சர்க்கரையில் கிடைத்த ஆதாயத்தை இரத்தக் குழாயில் இழப்பது நல்ல வியாபாரம் அன்று. நார்ச்சத்து குறைந்து மலச்சிக்கல் வருகிறது. சைவர் ஒருவர் பருப்பையும் விட்டுவிட்டால் பனீரும் தேங்காயும் கொட்டைகளுமே மிஞ்சுகின்றன. ரேஷன் கடையில் விலையில்லா அரிசி கிடைக்கும் குடும்பத்துக்குப் பாதாமும் நெய்யும் தினமும் வாங்கும் வசதி இருக்காது என்பதையும், வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் அந்தச் சுமை யார் தலையில் விழும் என்பதையும் கீட்டோவைப் புகழ்பவர்கள் பேசுவது குறைவு. ஓராண்டு முடிவில் எடைக் குறைப்பும்கூடப் பெரிதாக வேறுபடுவதில்லை: 2018-ல் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரிடம் நடத்திய சோதனையில், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக 6 கிலோவும் கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும் இழந்தார்கள். அந்த வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. கட்டுக்கடங்காத சர்க்கரையும் பருமனும் உள்ளவர், மருத்துவரின் கண்காணிப்பில், சில மாத காலத்துக்கு இதை மேற்கொள்வதில் தர்க்கம் இருக்கிறது. எஞ்சிய வாழ்நாள் முழுவதற்குமான முறையாக இதை என்னால் பரிந்துரைக்க முடியவில்லை.

தானியத்தை மாற்றும் யோசனைக்கு இப்போது பெரும் செல்வாக்கு. சாமைப் பொங்கல், வரகு பிரியாணி, கேழ்வரகு பிஸ்கட் என்று கடைகளில் ஒரு வரிசையே ஒதுக்கியிருக்கிறார்கள். நூறு கிராமுக்கு அரிசியில் 78 கிராம் மாவுச்சத்து என்றால் சாமையிலும் வரகிலும் கேழ்வரகிலும் 66 கிராம் அளவில் இருக்கிறது. நார்ச்சத்து அரிசியில் 3 கிராமுக்குள் நிற்க, கேழ்வரகிலும் கம்பிலும் 11 கிராம் வரை உள்ளது. ஆதாயம் உண்மையானது, ஆனால் சிறியது. சென்னையில் பருமனானவர்களிடம் நடத்திய ஐந்து நாள் சோதனை ஒன்றில், வெள்ளை அரிசிக்குப் பதில் பழுப்பரிசி கொடுத்தபோது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்தது. அதே நகரில் மும்மூன்று மாதங்களாக நடத்திப் பார்த்த பெரிய சோதனையில், எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. வளர்சிதை மாற்றக் கோளாறு ஏற்கெனவே உள்ளவர்களிடம் மட்டும் எச்பிஏ1சி சற்று மேம்பட்டது. முதலில் சொன்ன 2025 ஆய்வும், மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் வெறுமனே அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ வைத்தால் நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை என்கிறது. இரவில் சோற்றை விட்டு நான்கு சப்பாத்தி சாப்பிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நைசாக அரைத்த கேழ்வரகுக் கஞ்சியைக் காட்டிலும் முழு மணியாக வேகவைத்த சாமைச் சோறு மேல். மாவாக்கிய எதுவும் விரைவில் செரிக்கும்.

அதற்காக மாவுச்சத்தின் தரம் பொருட்டல்ல என்று தள்ளிவிடக் கூடாது. அமெரிக்கச் செவிலியர்களில் 47,513 பெண்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து 2025-ல் வெளியான ஆய்வு, நடுவயதில் காய்கறி, பழம், பயறு, முழுத்தானியம் ஆகியவற்றிலிருந்து மாவுச்சத்தைப் பெற்றவர்கள் எழுபதைத் தாண்டியும் பெருநோய் இன்றி உடலும் நினைவும் கெடாமல் இருக்கும் வாய்ப்பு கூடுதல் என்று கண்டது. அத்தனை பேரில் அப்படி நலமாக முதுமை எய்தியவர்கள் 3,706 பேரே என்பதையும் சேர்த்துப் படித்தால், நல்ல முதுமை எவ்வளவு அரிது என்பது விளங்கும்.

மூன்றாவது யோசனையான அளவாகக் குறைத்தலுக்குத்தான் நம்முடைய சூழலில் வலுவான ஆதரவு இருப்பதாகக் கருதுகிறேன். 2022-ல் ‘டயாபடீஸ் கேர்’ இதழில் அதே இந்திய ஆய்வுக் குழு, 18,090 பேரின் தரவுகளிலிருந்து கணித மாதிரி ஒன்றை உருவாக்கி, சர்க்கரை நோயின் விளிம்பில் நிற்பவர் மாவுச்சத்தை 50 முதல் 56 சதவீதத்துக்கும், புரதத்தை 18 முதல் 20 சதவீதத்துக்கும் கொண்டுவர வேண்டும் என்று கணக்கிட்டது. முதியவர்கள் இளையவர்களைவிட மாவுச்சத்தை ஒரு சதவீதம் கூடுதலாகக் குறைத்து, புரதத்தை ஒரு சதவீதம் கூடுதலாக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. அமெரிக்கர்களின் ஆயுளைப் பார்த்த கணக்கும், இந்தியர்களின் சர்க்கரையைப் பார்த்த கணக்கும், வெவ்வேறு வழியில் சென்று 50 முதல் 55 சதவீதம் என்ற ஒரே இடத்துக்கு வந்து சேர்வது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனாலும் முடிவெடுக்க உதவும் தற்செயல். அமெரிக்கர் ஒருவர் மாவுச்சத்தைக் குறை என்ற அறிவுரையைப் படிக்கும்போதே அவருடைய தட்டில் அது பாதியளவில்தான் இருக்கிறது. நாம் தொடங்கும் இடம் 62. அவர்களுடைய தொடக்கப் புள்ளிக்கு வந்து சேர்வதே நமக்குப் பெரிய குறைப்பு என்பதை மறந்துவிட்டு, அவர்கள் அங்கிருந்து இறங்கும் பள்ளத்துக்கு நாமும் குதிக்க வேண்டியதில்லை.

இதைக் கிராமில் போட்டுப் பார்த்தால் அச்சம் விலகும். ஒரு நாளில் 1,800 கலோரி உண்பவருக்கு 62 சதவீதம் என்பது ஏறத்தாழ 280 கிராம் மாவுச்சத்து. 52 சதவீதம் என்பது 235 கிராம். வேறுபாடு 45 கிராம். அதாவது 60 கிராமுக்கும் குறைவான அரிசி, வெந்தால் ஒரு கிண்ணச் சோறு. புரதம் 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதத்துக்கு ஏற 27 கிராம் தேவை: இரண்டு முட்டை, ஒரு கிண்ணக் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு கிண்ணத் தயிர் மூன்றும் சேர்ந்தால் ஏறக்குறைய அது கிடைத்துவிடும். முட்டை உண்ணாதவர் சோயாவையோ நிலக்கடலையையோ கூடுதல் பயறையோ சேர்க்கலாம். மீன் உண்பவருக்கு மத்தியும் நெத்திலியும் இருக்கின்றன. மொத்தக் கலோரியில் 5 சதவீத அளவு மாவுச்சத்தை எடுத்து அந்த இடத்தில் தாவரப் புரதத்தையோ பால் புரதத்தையோ வைத்தாலே நோய் அபாயம் குறைவதாக 2025 ஆய்வு காட்டுகிறது என்பதால், பாதி வழி வந்தாலும் பயன் உண்டு.

சமையலறையில் இதற்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. மூன்று சுற்றுச் சோற்றை ஒரு சுற்றாக்கி, குழம்போடு மட்டும் சோறு உண்டு, ரசத்தைக் கிண்ணத்திலும் மோரைக் குவளையிலும் ஊற்றிக் குடித்துவிட்டால் கணக்கு முடிந்தது. ருசி எதுவும் இலையை விட்டுப் போவதில்லை. பொரியலையும் கூட்டையும் தொட்டுக்கொள்ளும் அளவிலிருந்து சோற்றுக்குச் சமமான அளவுக்கு உயர்த்த வேண்டும். அரிசி தோசையின் இடத்தில் பருப்பு மிகுந்த அடையும் பாசிப்பயறு தோசையும் வாரத்தில் சில நாள் வரட்டும். மாலை பிஸ்கட்டின் இடத்தில் சுண்டல். உணவைக் காயிலும் பயறிலும் தொடங்கிச் சோற்றைக் கடைசியில் உண்டால் சர்க்கரை ஏற்றம் மேலும் தணிகிறது, உண்டபின் பத்து நிமிடம் நடந்தால் இன்னும் தணிகிறது. இரவு உணவை ஏழு மணிக்குள் முடிப்பது, பதினாறு மணி நேரம் உண்ணாமல் இருப்பது போன்றவற்றை இதனோடு சேர்ப்பவர்கள் உண்டு. முன்னிரவில் உண்டு முடிப்பது நல்ல பழக்கமே, ஆனால் பட்டினி நேரத்தை நீட்டிப் புரதத்தைக் குறைத்துக்கொண்டால் கிடைத்ததும் போய்விடும்.

தசைக்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. புணேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் யுட்கினும் 2004-ல் ‘லான்செட்’ இதழில் தங்கள் இருவரின் உடலையே ஒப்பிட்டுக் காட்டினார்கள். இருவருக்கும் உடல் நிறை குறியீடு 22.3, ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். பார்வைக்கு மெலிந்திருந்தாலும் தசை குறைந்து கொழுப்பு மிகுந்திருப்பது நம் மக்களிடம் பரவலாகக் காணப்படும் அமைப்பு. இப்படிப்பட்டவர் சோற்றைக் குறைத்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விட்டால், எடை இறங்கும்போது அவரிடம் குறைவாக உள்ள தசையும் சேர்ந்தே போகும். எடை இயந்திரம் பாராட்டும், குளியலறையில் எழுந்து நிற்கக் கை ஊன்ற வேண்டியிருக்கும்.

எனவே யார் எதைத் தேர்வது என்பது உடலைப் பொறுத்தது. நாம் எடுத்துக்கொண்ட ஐம்பத்தெட்டு வயதுக்காரருக்கு மூன்றாவது வழியும், எஞ்சும் ஒரு சுற்றுச் சோற்றுக்கு இரண்டாவது வழியிலிருந்து கைக்குத்தல் அரிசியோ சாமையோ எடுத்துக்கொள்வதும் பொருந்தும். எழுபத்தைந்தைக் கடந்து, மெலிந்து, பசி குறைந்திருக்கும் ஒருவரிடமிருந்து சோற்றைப் பறிக்கவே கூடாது; அவருக்குச் சோற்றோடு பருப்பும் முட்டையும் தயிரும் கூடுதலாகச் சேர்ப்பதே வேலை. நெடுநாள் சிறுநீரக நோய் உள்ளவர் புரதத்தைத் தானாகக் கூட்டிக்கொள்ளக் கூடாது. இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர் மருந்தளவை மாற்றாமல் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகளை எடுப்பவர்கள் கீட்டோவுக்குப் போனால், சர்க்கரை எண் சரியாக இருக்கும்போதே இரத்தம் அமிலமாகும் நிலை வரக்கூடும்; இது அரிய அபாயம் என்றாலும் உயிரைக் குடிக்கக்கூடியது.

தொடங்கும் நாளில் எச்பிஏ1சி, கொழுப்புப் பரிசோதனை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றோடு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து முப்பது நொடியில் எத்தனை முறை எழ முடிகிறது என்பதையும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதம் கழித்து அதே ஐந்தையும் மீண்டும் பார்க்கும்போது, சர்க்கரையும் இடுப்பும் இறங்கி எழும் எண்ணிக்கை குறையாமல் இருந்தால் அதே அளவில் தொடரலாம். எண்ணிக்கை குறைந்திருந்தால் புரதத்தையும் உடற்பயிற்சியையும் கூட்ட வேண்டும். எச்பிஏ1சி அசையவே இல்லை என்றால் காலை இட்லியிலும் ஒன்றைக் குறைத்து, மருத்துவரிடம் அடுத்த கட்டத்தைப் பேசும் நேரம் அது.